தடயமும் நீதியும்

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி மலைமீது ஏறிய மாணவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். வாயில்கள் பலவற்றைக் கடந்து சென்றாலும், உச்சிக்கு அருகே ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேல் உள்ள சிறு பாலம் இல்லையேல், அதுவரை ஏறிய ஏற்றமெல்லாம் வீணே. குற்ற வழக்கில் விஞ்ஞானச் சான்று நீதிமன்றத்தை அடையும் வழியும் இத்தகையது. இடையில் ஓரிடம் அறுந்தாலும் பயன் இல்லை.

செஞ்சிக்கு அருகே ஒரு கொலை நிகழ்ந்ததாக வைத்துக்கொள்வோம். இரத்தக் கறை படிந்த துணியைக் காவலர் கைப்பற்றி, உறையிலிட்டு முத்திரை வைக்கிறார். அது பலர் கைகளைக் கடந்து தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தை அடைகிறது. அங்குள்ள நிபுணர் சோதித்து அறிக்கை எழுதுகிறார். அவர் நேரில் வந்து சாட்சி கூறாமலே அவ்வறிக்கையைச் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கவும் செய்யலாம். எனினும், பல வழக்குகளில் பேசுவது காகிதமே. ஆதலின் அதை எழுதிய கை நேர்மையானதாக இருத்தல் வேண்டும்.

அக்கை பொய்த்தால் என்ன நேரும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் போதைப் பொருள்களைச் சோதித்து வந்தவர் ஆனி டூக்கான். பல மாதிரிகளைச் சோதிக்காமல், கண்ணால் பார்த்த அளவிலேயே அவர் முடிவு எழுதினார். சில மாதிரிகளில் போதைப் பொருளைத் தாமே கலந்தார். 2012-இல் கைதான அவர், 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2017-இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவற்றுள் குற்றவாளிகளும் இருந்திருக்கலாம், குற்றமற்றோரும் இருந்திருக்கலாம். இருவரையும் பிரித்தறியும் வழியே அடைபட்டுப் போயிற்று.

மோசடி ஒன்றே கேடு என்று எண்ணற்க. அசட்டையும் அதே தீங்கைச் செய்யும். நம் தேனி மாவட்டத்தில், சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் இருவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் ஒருவருக்குக் கீழ்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டி.என்.ஏ. சோதனை முக்கியமான சான்றாக நின்றது. ஆனால், மாதிரிகள் எந்நாளில் எவரிடம் இருந்தன என்பதற்குத் தொடர்ச்சியான ஆதாரம் இல்லை. அவற்றை அனுப்பியதிலும் தாமதம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 15 அன்று அவரை விடுதலை செய்தது. கொன்றவர் யார் என்ற கேள்வியோ விடையின்றி நிற்கிறது. மாண்டோரின் குடும்பத்தார்க்கு என்ன ஆறுதல் கூற இயலும்?

அத்தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. டி.என்.ஏ. மாதிரிகளை 48 மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். கை மாறும்போதெல்லாம் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வழக்கு நடைபெறும் காலத்தில் நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறத்தல் கூடாது. விதிகள் நல்லவையே, அவற்றைக் காப்பவர் மனிதரே.

மாணவ நண்பர்களே! புத்தகத்து விடைக்கு ஏற்பச் சோதனைக் குறிப்பேட்டில் அளவுகளைத் திருத்தி எழுதும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. அங்கே இழப்பது சில மதிப்பெண்களைத்தான். அதே பழக்கம் ஆய்வுக்கூடத்திற்குள் புகுந்தால், இழப்பது ஒருவரின் உயிராகவும் இருக்கக்கூடும். கண்டதை மட்டும் எழுதும் பழக்கத்தை இன்றே கைக்கொள்ளுங்கள்.