கூடித் தொழில் செய்யும் புரதங்கள்

ஊர் கூடினால் தேர் நகரும். உயிரணுவினுள் புரதங்களும் அவ்வாறே கூடித் தொழில் புரிகின்றன.

குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபின், நான்கு புரத இழைகள் இணைந்த அமைப்பாகும். நுரையீரலில் ஓர் இழை பிராணவாயுவைப் பற்றியதும் அதன் வடிவம் சற்று மாறும். அம்மாற்றத்தால் ஏனைய இழைகளும் அதனை எளிதில் பற்றும். தசைகளை அடைந்து ஒன்று தன் சுமையை இறக்க, மற்றவையும் விரைந்து இறக்கும். இவ்வமைப்பை ஆராய்ந்து கண்ட மாக்சு பெரூட்சு, ஜான் கென்டிரூ என்பாருடன் 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

இவற்றுள் ஒருவகை இழை, அமினோ அமிலங்களாகிய 146 மணிகளைக் கோத்த மாலை போன்றது. அதன் ஆறாவது மணி மாறி அமைவதாலேயே, சிலருக்கு ஈமோகுளோபின்கள் தம்முள் ஒட்டி, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, கொடிய நோய் உண்டாகிறது. வடம் பிடிப்போருள் ஒருவர் பிழைத்தாலும் தேர் தடுமாறும் அன்றோ?