ஜடேஜா போனார், சம்சன் வந்தார்: கைமாற்றத்தில் வியாபாரிக்கு ஒரு பாடம்

2025ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களிலிருந்து சனம் ஹட்டன் டவுனுக்கு இறங்கும் நாள். நண்பர் ஒருவரின் பலசரக்குக் கடையில் நின்றிருந்தேன். அரிசி, மா, சீனி என்று சாமான் நிறுத்துக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று பெரிய வாக்குவாதம். விலைவாசியைப் பற்றியல்ல. முந்தைய நாள் வெளியான செய்தியைப் பற்றி.

"நானா, விசயம் தெரியுமா? நம்ம ஜடேஜாவைக் குடுத்துட்டாங்க!" என்றார் டிக்கோயாவைச் சேர்ந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர். சென்னை அணியென்றால் உயிரை விடுகிறவர். பக்கத்தில் நின்ற பாடசாலை ஆசிரியர் விடவில்லை. "உணர்ச்சிவசப்படாதீங்க தம்பி. முப்பத்தேழு வயசு ஆகப்போறவரைக் குடுத்து முப்பத்தொரு வயசுக்காரரை வாங்கியிருக்காங்க. இதுல என்ன நஷ்டம்?" என்றார். "2023 பைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் போரும் அடிச்சது யாரு சார்? சம்சனா?" என்று சாரதி திருப்பிக் கேட்டார். கடைக்கார நண்பர் கல்லாவிலிருந்தபடியே சிரித்தார். "யாவாரமெண்டா வித்தவனும் சிரிக்கோணும், வாங்கினவனும் சிரிக்கோணும். யாரு சிரிக்கிறாண்டு ரெண்டு வருசம் கழிச்சிப் பாப்பம்" என்றார்.

விளையாட்டுப் பக்கத்துக்குரிய செய்தியை வர்த்தகப் பக்கத்துக்கு ஏன் கொண்டுவருகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வாக்குவாதத்தில் நமது கடைகளுக்குரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. பல வருடம் நம்மோடு இருந்த கைகாரன் ஒருவனை விடுவதா, வைத்திருப்பதா? வெளியிலிருந்து பேர் பெற்ற ஒருவனைக் கொண்டுவந்தால் வியாபாரம் கூடுமா?

கைமாற்றம் எப்படி நடக்கிறது?

ஐ.பி.எல். போட்டிகளில் வீரர் ஒருவர் அணி மாறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அணி அவரை விடுவித்து அவர் ஏலத்துக்குப் போவது. மற்றது, இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் கைமாற்றம். இதற்கு வீரரின் சம்மதமும் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் அனுமதியும் தேவை. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம், அல்லது காசுக்கு வாங்கலாம்.

ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2026 பருவத்துக்கு அது 125 கோடி இந்திய ரூபா. எவ்வளவு பெரிய செல்வந்தர் அணியை வைத்திருந்தாலும் அந்தப் பைக்குள்தான் கணக்கை முடிக்க வேண்டும். ஆகவே ஒரு வீரருக்கு ஒரு கோடி கூடக் கொடுத்தால் இன்னொருவருக்கு ஒரு கோடி குறைகிறது. கையிருப்பு முதலுக்குள் எந்தச் சாமானை எவ்வளவு எடுப்பது என்று தினமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நமக்கு இது புதிய பாடமல்ல.

சென்னையும் ராஜஸ்தானும் போட்ட கணக்கு

2025 பருவத்தில் பத்து அணிகளில் ராஜஸ்தான் ரோயல்ஸ் ஒன்பதாவது இடம், சென்னை சுப்பர் கிங்ஸ் பத்தாவது இடம். வியாபாரம் படுத்துப்போன இரண்டு கடைக்காரர்கள் சரக்கை மாற்றிக்கொண்டது போன்ற கதைதான் இது.

சென்னை, ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்தின் சாம் கரனையும் கொடுத்தது. ராஜஸ்தான், தனது அணித்தலைவர் சஞ்சு சம்சனைக் கொடுத்தது. சம்சனின் விலை 18 கோடி, அது மாறவில்லை. ஜடேஜாவின் விலை 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கியது. கரனுக்கு 2.4 கோடி. சென்னையின் பையிலிருந்து முன்பு போனது 20.4 கோடி, இப்போது 18 கோடி. மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தானின் பையிலிருந்து முன்பு போனது 18 கோடி, இப்போது 16.4 கோடி. மிச்சம் 1.6 கோடி. இரண்டு பக்கமும் சேர்ந்து மிச்சம் பிடித்த 4 கோடியும் ஜடேஜாவின் விலையில் குறைந்த தொகையாகும்.

சென்னைக்கு என்ன தேவை? 1981இல் பிறந்த தோனிக்குப் பின் விக்கெட் காப்பாளராகவும் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராகவும் ஒருவர் வேண்டும். ராஜஸ்தானுக்கோ பந்துவீச்சு, களத்தடுப்பு, துடுப்பாட்டம் மூன்றும் தெரிந்த அனுபவசாலி வேண்டும். 2008இல் அந்த அணி முதல் கிண்ணத்தை வென்றபோது ஜடேஜா அதில் விளையாடியவர். தேவையை வைத்துப் பார்த்தால் இருவரும் அறிவோடுதான் பேசியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. 2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் ஏலம் நடந்தது. அங்கே சென்னை அணி, ஐ.பி.எல். அனுபவமே இல்லாத இருபது வயது இடதுகைச் சுழற்பந்துவீச்சுச் சகலதுறை வீரர் பிரசாந்த் வீரை 14.2 கோடி கொடுத்து வாங்கியது. அவரது அடிப்படை விலை 30 இலட்சம்! அதாவது ஜடேஜா விட்டுப்போன இடத்தை நிரப்ப, ஜடேஜாவின் புதிய விலையை விடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆள் போனால் சம்பளம் மிச்சம் என்று மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். போனவரின் இடத்தை நிரப்பும் செலவையும் அதே கொப்பியில் எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

ஒரே ஆள், இரண்டு விலை

நம் நாட்டு வீரர்களின் கதை இன்னும் சுவையானது. கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் மதீஷ பத்திரனவை 2024இல் சென்னை அணி 13 கோடிக்குத் தக்கவைத்தது. 2025 பருவத்தில் அவர் ஓட்டங்களை அதிகம் கொடுத்தார். சென்னை விடுவித்தது. ஒரு மாதம் கழித்து அதே வீரரை கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடிக்கு எடுத்தது. மறுபக்கம், ராஜஸ்தான் 5.25 கோடிக்கு வாங்கியிருந்த வனிந்து ஹசரங்க, அதே ஏலத்தில் லக்னோ அணிக்கு அடிப்படை விலையான 2 கோடிக்குப் போனார்.

ஒரு மாதத்தில் பத்திரன கூடுதலாக எதையும் கற்றுவிடவில்லை. ஹசரங்கவும் திறமையை மறந்துவிடவில்லை. மாறியது சந்தை. கொல்கத்தாவின் பையில் அன்று எல்லோரையும் விடக் கூடுதலாக 64.3 கோடி இருந்தது. கடைசி ஓவர்களை வீசத் தெரிந்த வேகப்பந்துவீச்சாளர்களோ ஏலத்தில் ஒரு சிலரே. வாங்குகிறவனின் கையில் காசு நிறைந்து சாமான் குறைவாக இருந்தால் விலை ஏறும். மழைக்கு வழி மூடி மரக்கறி லொறி வராத நாளில் கரட் விலை ஏறுவதும் இதே விதியால்தான். ஆகவே சந்தை சொல்லும் விலையை மட்டும் வைத்து ஓர் ஆளின் பெறுமதியை எடைபோட முடியாது. நமது கடைக்கு அவர் என்ன செய்கிறார் என்பதே நாம் பார்க்க வேண்டிய பெறுமதி.

காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று

2023 நவம்பரில் மும்பை இந்தியன்ஸ் அணி, குஜராத் டைட்டன்ஸின் தலைவர் ஹர்திக் பாண்டியாவைக் காசு கொடுத்துத் திரும்ப எடுத்தது. அவர் குஜராத்துக்கு 2022இல் கிண்ணம் வென்று கொடுத்தவர். 2023இல் இறுதிப்போட்டி வரை கொண்டுசென்றவர். காகிதத்தில் இதை விடச் சிறந்த வியாபாரம் இல்லை. ஆனால் அடுத்த மாதமே, ஐந்து கிண்ணங்கள் வென்ற ரோஹித் சர்மாவை இறக்கிவிட்டு ஹர்திக்கைத் தலைவராக்கினார்கள். மும்பை வான்கடே மைதானத்தில் சொந்த ரசிகர்களே ஹர்திக்கைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 2024இல் மும்பை 14 போட்டிகளில் நான்கில் மட்டும் வென்று கடைசி இடத்துக்குப் போனது.

அதே ஹர்திக் அதே வருடம் ஜூன் மாதம் இந்தியாவுக்காக இருபதுக்கு இருபது உலகக் கிண்ண இறுதிப்போட்டியின் கடைசி ஓவரை வீசி வென்று கொடுத்தார். 2025இல் அவரது தலைமையில் மும்பை இறுதிக்கு முந்திய சுற்று வரை வந்தது. ஆளில் குறை இருக்கவில்லை. கொண்டுவந்த விதத்தில்தான் குறை. பழைய ஆளின் மரியாதையைக் குறைத்து புதிய ஆளை மேலே வைத்தால் வாடிக்கையாளருக்கும் பிடிக்காது, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் மனம் உடையும். வியாபாரத்தில் இதை நற்பெயர் என்கிறோம். ஐந்தொகையில் தெரியாவிட்டாலும் கல்லாவில் தெரியும்.

ஒரே கடையில் விலை கேட்டவர்

கைமாற்றம் என்றால் உலகத்திலேயே அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில்தான். 2025 பெப்ரவரி ஆரம்பத்தில், டலஸ் மெவரிக்ஸ் அணி தனது 25 வயது நட்சத்திரம் லூகா டொன்சிச்சை லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. முந்தைய வருடம்தான் அவர் அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுசென்றிருந்தார். பதிலுக்குக் கிடைத்த பிரதான வீரர் 31 வயது அந்தனி டேவிஸ். ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். டேவிஸ் முதல் போட்டியிலேயே காயமடைந்தார். அணி இறுதிக் கட்டச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. அந்தக் கைமாற்றத்தைச் செய்த முகாமையாளரை 2025 நவம்பரில் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வயதையோ காயத்தையோ விடப் பெரிய பிழை ஒன்று அங்கே நடந்தது. பேச்சுவார்த்தையை இரகசியமாக வைக்க வேண்டுமென்று லேக்கர்ஸுடன் மட்டுமே பேசினார்கள். வேறு அணிகளிடம் விலை கேட்கவில்லை. உங்களிடம் நல்ல இடத்தில் கடையொன்று இருந்து அதை விற்க நினைத்தால், ஒருவரிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லி, அவர் கேட்ட விலைக்கே கொடுப்பீர்களா?

நமது கடைக்கு வருவோம்

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படியொரு தவறு செய்திருக்கிறேன். என் கடையில் நீண்ட காலம் நின்ற ஒருவர் சம்பளம் கூட்டிக் கேட்டார். அதே காசுக்கு இளையவர் இருவரை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு அவரை விட்டுவிட்டேன். கடன் கொப்பி என்னிடம் இருந்தது. ஆனால் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், யார் சம்பளம் போட்டதும் தவறாமல் தருவார், யாருக்கு வீட்டில் நோய், யாரிடம் இந்த மாதம் கேட்கக்கூடாது என்ற விபரம் அவர் தலையில் இருந்தது. அவர் பக்கத்துத் தெருக் கடையொன்றில் சேர்ந்தார். மூன்று மாதத்தில் என் வாடிக்கையாளரில் நல்லதொரு பகுதி அவரோடு போயிற்று. வராத கடனும் கொப்பியிலேயே நின்றது. பரக்கத் எங்கே இருந்ததென்று அப்போதுதான் விளங்கிற்று.

ஆகவே ஓர் ஆளை எடுக்கவோ விடவோ முன் நான்கு கேள்விகளைக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். அவர் போனால் அந்த இடத்தை நிரப்ப உண்மையில் எவ்வளவு செலவாகும்? அவரோடு சேர்ந்து எத்தனை வாடிக்கையாளர் போவார்கள்? வருகிறவரால் உள்ளே இருப்பவர்களின் மரியாதை குறையுமா? இந்த விலையை ஒருவரிடம் மட்டுமா கேட்டேன், நாலு பேரிடம் விசாரித்தேனா?

எல்லோரையும் காலமெல்லாம் வைத்திருக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வயது எல்லோருக்கும் ஏறுகிறது. அடுத்த ஆளை நேரத்தோடு தேடாத கடை ஒரு நாள் திடீரென்று வெறுமையாகும். ஆனால் தேடும் விதம் ஒன்று இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முடிந்து சனம் கலைந்த பின் நண்பர் மெதுவாக ஒரு விசயம் சொன்னார். பதினாலு வருடமாகத் தன்னிடம் நிற்கும் சேல்ஸ்மனை மற்றொரு கடை கூடுதல் சம்பளத்துக்குக் கேட்கிறதாம். விட்டுவிட்டு, கணினியில் பில் போடத் தெரிந்த பையன் ஒருவனை எடுக்க யோசித்திருந்தாராம். இரண்டு வாரமாக நித்திரையில்லை என்றார். நான் என் பழைய கதையைச் சொன்னேன்.

டிசம்பரில் சிவனொளிபாத மலைப் பருவகாலம் தொடங்கியபோது அவரது கடைக்குப் போனேன். பழையவர் அதே தராசடியில் நின்றார், சம்பளம் கொஞ்சம் கூடியிருந்தது. பக்கத்தில் புதிய பையன் கணினியில் பில் போட்டுக்கொண்டிருந்தான். பழையவர் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பேரையும் தோட்டத்தையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்து நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.