புதிய ஊர் என்றொரு பெயர்

1948 மே 20 அன்று வாஷிங்டனில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று பல நாட்களாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அரசு நிலங்களையும் பூர்வகுடி விவகாரங்களையும் கவனிக்கும் துறையின் அமைச்சர் க்ரூக் உட்கார்ந்து ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார். சுற்றிலும் கோட்டு போட்ட ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அவர் ஜார்ஜ் ஜில்லெட். வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஃபோர்ட் பெர்த்தோல்ட் ரிசர்வேஷனைச் சேர்ந்த மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா ஆகிய மூன்று இனங்களின் மன்றத் தலைவர். (ரிசர்வேஷன் என்றால் நமக்குத் தெரிந்த அர்த்தம் இல்லை. பிடுங்கியது போக மிச்சம் விட்டுவைத்த நிலம்.) அவர்களுடைய ஆற்றங்கரையை அணைக்காக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது.

இந்தப் படத்தைப் பார்த்து 'ஐயோ பாவம்'னு சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம். நான் பேச நினைப்பது அந்தக் கையெழுத்தின் விளைவாக முளைத்த ஒரு சின்ன நகரத்தைப் பற்றி. மூவாயிரத்துக்கும் குறைவான ஜனம். பெயர் நியூ டவுன். அதாவது, புதிய ஊர். நான் அங்கே போனதில்லை. வாசித்ததை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். ஆனால் ஒரு ஊருக்கு 'புதிய ஊர்' என்று மட்டும் பெயர் வைக்கிறார்கள் என்றால், அந்தப் பெயரே ஒரு பிரதி. வாசிக்கத் தகுந்தது.

வட அமெரிக்காவின் வடக்குச் சமவெளி என்றதும் நம் மனதில் எழும் சித்திரம் என்ன? காற்று, பனி, கோதுமை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளற்ற வெளி. இந்த 'ஆளற்ற வெளி' இயற்கையில் கிடந்ததில்லை, கட்டியெழுப்பப்பட்டது. மாண்டன், ஹிடாட்சா மக்கள் மிசௌரி ஆற்றங்கரையில் மண்வீடுகள் கட்டி, நிலையான ஊர்களில் வாழ்ந்த உழவர்கள். சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி எல்லாம் பெண்களின் வயல்களில் விளைந்தன. ஹிடாட்சா இனத்துப் பஃபலோ பேர்ட் வுமன் சொல்லச்சொல்ல கில்பர்ட் வில்சன் எழுதி 1917இல் வெளிவந்த நூல், ஒரு விவசாயி தன் வயலைப் பற்றிப் பேசிய பேச்சாகவே இருக்கிறது. லூயிஸும் கிளார்க்கும் 1804-05 குளிர்காலத்தை ஓட்டியது இந்த ஊர்களின் பக்கத்தில்தான். 1837இல் நீராவிப் படகோடு வந்த பெரியம்மை மாண்டன் இனத்தில் ஒருசில நூறு பேரைக்கூட மிச்சம் வைக்கவில்லை. தப்பியவர்களும் ஹிடாட்சாக்களும் 1845இல் சேர்ந்து ஒரு ஊர் கட்டினார்கள். பிறகு 1862இல் அரிக்காராக்களும் அதில் வந்து சேர்ந்தார்கள். சமவெளி காலியானது இப்படித்தான்.

ஆக, இந்த ஜனங்களுக்குப் 'புதிய ஊர்' புதுசு இல்லை. சாவுக்குப் பிறகு சேர்ந்து ஊர் கட்டுவது அவர்கள் ஏற்கனவே அறிந்த வேலை. வித்தியாசம் எங்கே வருகிறது? 1845இல் ஊரை அவர்களே கட்டினார்கள். 1950களில் அரசாங்கத்தின் வரைபடம் கட்டியது.

நிலத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். 1851 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தம் இவர்களுடையதாக ஏற்றுக்கொண்ட நிலம் 1 கோடியே 20 லட்சம் ஏக்கருக்கு மேல். அடுத்த அறுபது ஆண்டுகளில் அது 10 லட்சம் ஏக்கருக்கும் கீழே சுருங்கியது. மிச்சமிருந்ததில் உயிர்நாடி ஆற்றோரப் படுகை. 1943இல் மிசௌரியில் பெருவெள்ளம். அடுத்த ஆண்டே 'பிக்-ஸ்லோன்' திட்டம் சட்டமானது. கீழே உள்ள நகரங்களுக்கு வெள்ளத்திலிருந்து காப்பு, மின்சாரம், பாசனம் என்று வளர்ச்சியின் பெருங்கதையாடலில் உள்ள எல்லா அத்தியாயமும் அதில் உண்டு. பழங்குடி மன்றம் சும்மா இருக்கவில்லை. குறைந்த நிலம் மூழ்கும்படியான வேறொரு இடத்தைத் தங்கள் நிலத்திலேயே இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். அது ஏற்கப்படவில்லை. மேலே இருந்த வில்லிஸ்டன் நகரத்தைத் தண்ணீர் தொடாதிருக்கக் கரை எழுப்பப்பட்டது. எந்த ஊர் மூழ்கலாம், எந்த ஊர் மூழ்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் பொறியியல் முடிந்து அதிகாரம் ஆரம்பமாகிறது.

கேரிசன் அணை 1953இல் மூடப்பட்டது. 1,52,000 ஏக்கருக்கு மேல் போயிற்று. 300க்கும் அதிகமான குடும்பங்கள், அதாவது அங்கிருந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கு, இடம்பெயர்ந்தன. 1949 சட்டம் கொடுத்த மொத்தத் தொகை 1 கோடியே 26 லட்சம் டாலர். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அலுவலகமும் இருந்த எல்போவுட்ஸ் என்ற தலைமை ஊர் நீருக்குள் போனது. 1845இல் கட்டிய பழைய ஊரின் தடமும் போனது. ஏரி ரிசர்வேஷனை ஐந்து துண்டாக்கியது. நேற்றுவரை பக்கத்து ஊரில் இருந்த அத்தையைப் பார்க்க இனி ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

எம்.ஏ. வகுப்பில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மனப்பாடம் செய்தவன் நான். பரீட்சைக்கு அப்பால் அந்தப் பாகுபாட்டால் என்ன பிரயோஜனம் என்று அப்போது தெரியவில்லை. இங்கே பயன்படுகிறது. படுகை நிலம் போனதும் மரம் போயிற்று. விறகு, காட்டுப்பழம், மூலிகை, மான் எல்லாம் அதோடு போயின. மேட்டுநிலத்தில் காற்றும் உவர்ப்புத் தண்ணீரும்தான். வயலில் விளைந்ததைத் தின்றவர்கள் அரசாங்கம் கொடுத்த டின் உணவுக்கு மாறினார்கள். பிறகு சர்க்கரை நோய் வந்து குடியேறியது. நிலம் முதற்பொருள் என்று இலக்கணம் சொன்னதை ஒரு பின்புலம் என்றுதான் நாம் வாசித்துவந்தோம். நிலத்தை எடுத்துவிட்டால் அடுத்தடுத்து எவையெல்லாம் சரியும் என்பதன் வரிசை அது என்று இப்போது வாசிக்கத் தோன்றுகிறது.

பெயர்களுக்கு வருவோம். 1910க்குப் பிறகு ரிசர்வேஷனுக்குள் வெள்ளைக் குடியேறிகள் வந்து உண்டாக்கிய சானிஷ், வான் ஹூக் என்ற ஊர்களும் அணையில் மூழ்கின. அந்த ஜனங்களுக்கும் சேர்த்து மேட்டில் போடப்பட்டதுதான் நியூ டவுன். ஆகவே இழப்பு ஒரு தரப்புக்கு மட்டும் என்று எழுதினால் அது பொய். ஆனால் இரண்டு இழப்பும் ஒன்று என்றாலும் பொய்தான். 'சானிஷ்' என்பதே அரிக்காராக்கள் தம்மைக் குறிக்கும் சஹ்னிஷ் என்ற சொல்தான். முதலில் நிலம் போய் பெயர் மிஞ்சியது, பிறகு அந்தப் பெயர் தாங்கிய ஊரும் போனது. ஏரிக்கு வைத்த பெயர் இன்னும் விசேஷம். சகாகவியா! ஹிடாட்சா ஊரில் வாழ்ந்து, லூயிஸ்-கிளார்க் பயணத்தோடு மேற்கே போன பெண். அவள் வாழ்ந்த ஜனத்தின் வயலை மூழ்கடித்த தண்ணீருக்கு அவள் பெயர். எல்போவுட்ஸில் 1934இல் கட்டிய 'நான்கு கரடிகள்' பாலத்தை மட்டும் கழற்றி, 1955இல் நியூ டவுன் பக்கத்தில் கொண்டுவந்து பொருத்தினார்கள். மாண்டன் தலைவர் நான்கு கரடிகள் 1837 பெரியம்மையில் செத்தவர்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். அந்த ஜனங்கள் மட்டும் படத்தில் உள்ளபடியே முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்கள். உண்மை அப்படி இல்லை. 1973இல் சொந்தமாகக் கல்லூரி தொடங்கினார்கள். பல ஆண்டு வாதாடி 1992இல் 14 கோடியே 92 லட்சம் டாலர் நிதியைப் பெற்றார்கள். முந்தைய தொகை எவ்வளவு அநியாயம் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு அது. மூழ்கிய ஆஸ்பத்திரிக்கு ஈடாக ஒரு மருத்துவ மையம் 2011இல்தான் நியூ டவுனில் வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல்! அதற்குப் பெயர் எல்போவுட்ஸ் நினைவு மையம். அந்தப் பெயரைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்து வந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2008 வாக்கில் தொடங்கிய பாக்கன் எண்ணெய் வேட்டை இவர்கள் நிலத்தின் அடியிலும் நடந்தது. நியூ டவுன் தெருவில் லாரிகள், இரவில் வயல்வெளியில் எரிவாயுத் தீ, சிலருக்குப் பெரும்பணம், பலருக்கு ஏறிய வாடகை. ஏரிக்கு அடியில் கிடக்கும் பழைய ஆற்றுப்படுகையின் எண்ணெய் யாருடையது என்பதில் மத்திய அரசின் சட்டக் கருத்து 2017இல் ஒன்று, 2020இல் வேறொன்று, 2022இல் மறுபடி பழையது. நம்மில் பலருக்கு இந்த இடத்தில் சங்கடம் வருகிறது. பறிகொடுத்தவன் ஏழையாகவும் தூயவனாகவும் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவன் எண்ணெய்ப் பங்குக்கு வழக்காடினால் நம் அனுதாபம் வற்றிப்போகிறது. அப்படியானால் அந்த அனுதாபம் யாருக்காக இருந்தது?

மாண்டன் மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் எட்வின் பென்சன் 2016 டிசம்பரில் காலமானார். அதற்கு 1992இன் கணக்கில் இடமில்லை, எந்தக் கணக்கிலும் வராது. ஆனாலும் வருகிற கணக்கை எழுதாமல் விட நமக்கு உரிமை கிடையாது. இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது நாம் கண்ணீரை எடுத்துக்கொண்டு ஏக்கரை விட்டுவிடுகிறோம். ஜில்லெட்டின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மேஜைமேல் இருந்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அழுதவர் அதை முழுக்க வாசித்திருந்தார். அதனால்தான் அழுதார்.