வாட்டர் பம்பை எப்போது மாற்ற வேண்டும்?

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் பலருக்கும் வாட்டர் பம்ப் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது கடைசி எச்சரிக்கை. பெரும்பாலான பம்புகள் அதற்கு முன்பே கசிந்தோ சத்தமிட்டோ தம் நிலையைக் காட்டிவிடும். அப்போதே மாற்றினால் செலவு பம்போடு முடியும். தள்ளிப்போட்டால் இன்ஜின் வரை போகும்.

இன்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் ஆற்றுவது கூலன்ட். கூலன்டை ஓயாமல் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். அதில் முக்கியமாகத் தேய்பவை இரண்டு: தண்டைத் தாங்கும் பேரிங், கூலன்ட் வெளியே வராமல் தடுக்கும் சீல். சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பிறகு பேரிங்கும் நிலைக்காது.

கசிவு

கூலன்ட் டப்பாவில் அளவு அடிக்கடி குறைகிறதா? இரவில் காரின் முன்பகுதிக்குக் கீழே பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கறை இருந்து, தொட்டால் வழவழவென்றிருந்தால் அது கூலன்ட். அடுத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு சிறு துளை இருக்கும். சீலைத் தாண்டி வரும் கூலன்ட் பேரிங்கில் தேங்காமல் வெளியேறுவதற்கான வழி அது. லேசான காய்ந்த கறை என்றால் கவனித்து வந்தால் போதும். சொட்டுச் சொட்டாக வடிந்தாலோ, படிவு தடித்துக்கொண்டே போனாலோ பம்பை மாற்றுங்கள். பேஸ்ட் வைத்துத் துளையை அடைப்பது தீர்வே அல்ல.

சத்தமும் ஆட்டமும்

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க பெல்ட் பக்கத்திலிருந்து முனகலோ உராயும் சத்தமோ கூடினால் பம்ப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பம்ப் புல்லியைக் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ மாற்றியாக வேண்டும்.

சூடு

இன்ஜின் சூடானால் பம்புதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். மேட்டிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, பம்ப் என வரிசையாகச் சோதிக்க வேண்டும். பம்புக்குள் இருக்கும் சக்கரத்தின் இறக்கைகள் அரித்துப்போயிருந்தால், வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே இன்ஜின் சூடாகும்.

நன்றாக இருக்கும்போதே மாற்றலாமா?

பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்றால், மாற்றலாம். பெல்ட் மாற்றும் நேரம் காரின் கையேட்டில் இருக்கும். பல கார்களில் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் வரும். அப்போதே பம்பையும் மாற்றிவிடுவது நல்லது. பம்ப் மட்டும் பிறகு கசிந்தால், அத்தனையையும் மறுபடி பிரிக்கக் கூலி கொடுக்க வேண்டும். அதைவிட மோசம், ஓடும்போது பம்ப் இறுகி பெல்ட் அறுவது; பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி உடைந்துவிடும்.

புது பம்ப் போடும்போது கேஸ்கெட்டும் கூலன்டும் புதிதாக இருக்கட்டும். சிஸ்டத்தில் ஏர் நிற்காமல் எடுக்கச் சொல்லுங்கள். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்: அதன் உப்பு ரேடியேட்டரில் படிந்து அடைக்கும், சீலையும் தேய்க்கும். கையேடு சொல்லும் கூலன்டையே ஊற்றுங்கள்.

வழியில் முள் சிவப்புக்கு ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு அடிக்கும். ‘பக்கத்து ஊர்வரை ஓட்டிவிடலாம்’ என்று கிளம்பினால் ஹெட் கேஸ்கெட் போகலாம், அலுமினிய சிலிண்டர் ஹெட்டே வளைந்தும் போகலாம். இழுவை வண்டிக்கு ஆகும் பணம் அதைவிட மிகக் குறைவு.