வடக்கு நோக்கிப் பாயும் செவ்வாறு

ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றவுடன், இருமருங்கும் மலைகள் நிற்க இடையே நீரோடும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றும். வட அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளியில் 'றெட் றிவர்' எனப்படும் செவ்வாறு பாயும் பள்ளத்தாக்கிலோ அத்தகைய மலைகளைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வயல்களே. ஆற்றின் கரையோரத்தில் மட்டும் மரங்கள் வரிசையாக நிற்கும்.

இதன் காரணத்தை அறிய நாம் பனிக்கட்டிக் காலத்துக்குச் செல்லல் வேண்டும். நிலத்தை மூடியிருந்த பனிக்கட்டிப் படலம் உருகி வடக்கே பின்வாங்கியபோது, அதன் விளிம்பில் நீர் தேங்கி மாபெரும் ஏரியாயிற்று. அறிஞர் அகாசி ஏரி எனப் பெயரிட்ட அது, ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் வடிந்தொழிந்தது. அவ்வேரியின் அடித்தளமே இன்றைய பள்ளத்தாக்கு. அதிற் படிந்த களிமண் விளைவுக்கு உகந்தது. ஆயின், நீரை விரைவில் உள்வாங்காதது.

ஐக்கிய அமெரிக்காவின் வட தக்கோற்றா, மினசோற்றா மாநிலங்களின் எல்லையில் இரு சிற்றாறுகள் கூடுமிடத்திற் பிறக்கும் செவ்வாறு, வடக்கு நோக்கி வளைந்து வளைந்து சென்று, கனடாவின் மனிற்றோபா மாகாணத்துட் புகுந்து, வின்னிப்பெக் ஏரியை அடைகின்றது. அதன் சரிவு பெரும்பாலும் மைலுக்கு ஓரடிக்குங் குறைவு.

இவ்வடதிசை ஓட்டமே இடருக்கு வித்து. இளவேனிலில் தெற்கே பனி முந்தி உருகும். அந்நீர் சென்று சேரும் வடக்கிலோ ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். பனிக்கட்டியால் தடைப்பட்ட நீர் கரைகடந்து பல மைல் அகலத்துக்குப் பரவிப் பழைய ஏரியை மீண்டும் நினைவூட்டும்.

1950ஆம் ஆண்டு வெள்ளத்தில் வின்னிப்பெக் பகுதியினின்றும் ஏறக்குறைய 1,00,000 மக்கள் வெளியேறினர். அதன் பின்னர், முதலமைச்சர் டவ் றொப்லினின் முயற்சியால், 1962 முதல் 1968 வரை நகரின் கிழக்கே 47 கிலோமீற்றர் நீளமான வெள்ள வாய்க்கால் வெட்டப்பட்டது. வீண்செலவென எள்ளி அதனை அவர்பெயராற் 'டவ்வின் குழி' என்றாரும் உளர். 1997இல் பெருவெள்ளம் வந்தபோது, தெற்கே கிராண்ட் போர்க்ஸ் நகரம் நீரில் மூழ்க, வின்னிப்பெக் பெரும்பாலும் தப்பியது.

ஆயினும், நீரை வாய்க்காலுக்குத் திருப்ப ஆற்றின் குறுக்கே கதவுகளை உயர்த்தியமையால், நகருக்குத் தெற்கே வாழ்ந்தோர் சிலரின் நிலங்களில் வெள்ளம் இயல்பான மட்டத்தினும் மேலோங்கிற்று. அத்தகையோர்க்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது 2004இலேயாம். சமநிலத்தில் ஓரிடத்திலிருந்து விலக்கிய நீர் பிறிதோரிடத்தைச் சேர்ந்தே தீரும். பலரைக் காக்கும் பணியினால் இடருறும் சிலரையும் திட்டமிடும்போதே கருத்திற் கொள்ளல் கடன் என்பதே செவ்வாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.