மூதாட்டியரின் வாங்கும் பெண்கள் பின்னும் பைகளும்

சிம்பாப்வே நாட்டைப் பற்றி எமது பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகையின. ஒன்று கிரிக்கெட், மற்றையது அந்நாட்டு நாணயத்தின் வீழ்ச்சி. ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள இவ்வறிய நாட்டின் தலைநகரான ஹராரேயில் மூதாட்டியர் சிலரும் மரவாங்குகள் சிலவும் சேர்ந்து பெண்களின் உளநலத்துக்காகச் செய்துவரும் பணியைப் பற்றி இங்கு அதிகம் எழுதப்படவில்லை. அப்பணியின் தொடர்ச்சியாகப் பெண்கள் தாமே நடத்தும் சிறியதொரு கைத்தொழில் முயற்சியும் உருவாகியுள்ளது. இவ்விரண்டையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

2005ஆம் ஆண்டு மே மாதம் அன்றைய சிம்பாப்வே அரசாங்கம் நகர்ப்புறக் குடிசைகளையும் தெருவோரக் கடைகளையும் இடித்தகற்றும் நடவடிக்கை ஒன்றில் இறங்கியது. "முரம்பட்ஸ்வினா" என அதற்குப் பெயரிடப்பட்டது. அந்நாட்டின் ஷோனா மொழியில் குப்பையை அகற்றுதல் என்பது அதன் பொருள். குப்பை எனப்பட்டது மனிதரின் வாழ்விடமே. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ அல்லது இரண்டையுமோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் சபையின் விசேட தூதுவர் அறிக்கையிட்டார். எச்.ஐ.வி. தொற்றினால் ஏற்கெனவே குடும்பங்கள் சிதைந்திருந்த நாட்டில் இதன் விளைவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை, இடம்பெயர்வு இன்னதென அறிந்த எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் முழு நாட்டுக்கும் இருந்த உளமருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மீண்டும் வைத்தியரைக் காண வருவதற்குத் தாயும் மகளும் எண்ணியிருந்தனர். ஆனால் தூர இடத்திலிருந்து வந்துசேர பஸ் கட்டணம் அவர்களிடம் இருக்கவில்லை. அப்பெண் உயிரிழந்ததன் பின்னரே இது வைத்தியருக்குத் தெரியவந்தது. வைத்தியசாலையில் காத்திருந்து பயனில்லை, மக்கள் இருக்கும் இடத்துக்கே சிகிச்சை செல்ல வேண்டும் என்ற தீர்மானத்துக்குத் தம்மைக் கொண்டுவந்தது அச்சம்பவமே என அவர் பல மேடைகளில் கூறியுள்ளார்.

ஆனால் அதற்கு ஆட்கள் எங்கே? தாதியருக்கு நேரமில்லை, சிகிச்சை நிலையத்தில் வெற்று அறையும் இல்லை. 2006இல் ஹராரேயின் நெரிசல் மிகுந்த எம்பாரே பகுதியில் அவருக்குக் கிடைத்தவர்கள் பதினான்கு மூதாட்டியர் மாத்திரமே. இவர்கள் புதியவர்கள் அல்லர். மாநகர சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் சிறு கொடுப்பனவு பெற்று, வீடு வீடாகச் சென்று சுகாதாரம் பற்றி எடுத்துரைத்து வந்த தொண்டர்கள். "அம்பூயா உட்டானோ", அதாவது சுகாதார ஆச்சி என மக்கள் இவர்களை அழைத்தனர். அறை இல்லாத காரணத்தால் சிகிச்சை நிலைய வளவினுள் மரநிழலில் ஒரு வாங்கு இடப்பட்டது.

முதலில் அதற்கு "உளநல வாங்கு" என்றே பெயர். எவரும் வந்து அமரவில்லை. அவ்வாறான பெயருடைய வாங்கில் எந்தப் பெண்ணும் அயலவர் பார்க்க அமரமாட்டாள் என்பதை வைத்தியருக்கு எடுத்துக் கூறியவர்கள் அம்மூதாட்டியரே. பெயர் "நட்பு வாங்கு" என மாற்றப்பட்டது. அதன் பின்னரே ஆட்கள் வரத் தொடங்கினர். உளமருத்துவ நூல்களில் காணப்படாத இந்த அறிவு எத்துணை பெறுமதி வாய்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மொழி தொடர்பான மற்றொரு விடயத்தையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். ஷோனா மொழியில் மனச்சோர்வு எனும் மருத்துவச் சொல்லுக்கு நேரான வழக்கு இல்லை. மக்கள் கூறுவது "குஃபுங்கிசிசா" என்பதே. அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என அதனை மொழிபெயர்க்கலாம். "யோசனை கூடிப்போச்சுது, நித்திரை வருகுதில்லை" என எமது கிராமத்துப் பெண்கள் கூறுவதை நினைவுகூர்ந்தால், ஹராரே அத்துணை தூரத்தில் இல்லை என்பது புலப்படும். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பிலும் இந்த ஷோனாச் சொல் இடம்பெற்றுள்ளது.

இச்சொல்லை மையமாகக் கொண்டே வாங்கின் பணியும் அமைந்துள்ளது. உளமருத்துவர் விக்ரம் பட்டேல் 1990களில் ஹராரேயில் பணியாற்றியபோது அங்குள்ள மக்களின் சொற்களைக் கொண்டே பதினான்கு வினாக்கள் அடங்கிய வினாக்கொத்து ஒன்றைச் சகாக்களுடன் உருவாக்கினார். ஆம், இல்லை என விடையளித்தால் போதும். மூதாட்டி அதனை வாசித்துப் புள்ளி இடுகின்றார். கூடிய புள்ளி பெற்ற பெண் வாங்குக்கு அழைக்கப்படுகின்றாள். உயிரை மாய்க்கும் எண்ணம் உடையவரும் கடும் உளப்பிறழ்வு உடையவரும் மேல் நிலையில் உள்ள சுகாதாரப் பணியாளரிடம் அனுப்பப்படுவர். இந்த எல்லைக்கோடு மிக முக்கியமானது. வாங்கு, வைத்தியரின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முனையவில்லை.

வாங்கில் நடைபெறுவது மூன்று படிகளாக விளக்கப்படுகின்றது. முதலாவது மனதைத் திறத்தல். பெண் தன் துன்பங்கள் அனைத்தையும் கூறுகின்றாள், மூதாட்டி செவிமடுக்கின்றார். வீட்டு வாடகை நிலுவை, கணவனின் அடி, தொற்று இருப்பதை வீட்டாருக்குச் சொல்ல இயலாத அச்சம், பிள்ளையின் பாடசாலைக் கட்டணம் என்றவாறு அப்பட்டியல் நீளலாம். இரண்டாவது உயர்த்துதல். அப்பட்டியலில் இருந்து ஒன்றே ஒன்றைப் பெண் தானே தெரிவுசெய்து, அதற்கு இவ்வாரத்தில் தான் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றையும் தானே தீர்மானிக்கின்றாள். மூன்றாவது உறுதிப்படுத்தல். அடுத்த முறை வந்து செய்ததைக் கூறுகின்றாள், செய்ய முடியாமற் போயிருந்தால் தடை என்னவென்று இருவரும் ஆராய்கின்றனர். ஆறு சந்திப்புகள் வரை இது தொடரும்.

இம்முறையில் மூதாட்டி தீர்வு கூறலாகாது என்பது விதி. ஆச்சிமாரை அறிவுரை கூறாது இருக்கச் செய்வது எத்துணை கடினம் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். பயிற்சியின் பெரும்பகுதி இதற்கே செலவாகியிருக்கும் என நாம் எண்ணுவதுண்டு. ஆயினும் இந்த விதியிலேயே முறையின் உயிர் உள்ளது. வீட்டிலும் வெளியிலும் பிறர் தீர்மானித்ததையே செய்து பழகிய ஒரு பெண், மிகச் சிறிய விடயமாயினும், தன் தீர்மானப்படி ஒன்றைச் செய்து முடிக்கின்றாள். யோசனை செயலாக மாறுகின்றது.

இவையெல்லாம் கேட்பதற்கு நன்று, பலன் உண்டா என வாசகர் வினவலாம். 2008இல் நாணயம் முற்றாகச் செயலிழந்து, அதே ஆண்டு தொடங்கிய வாந்திபேதியினால் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட நாட்டில், வாங்குகள் கைவிடப்படவில்லை என்பதே ஒரு விடை. அறிவியல் ரீதியான விடை 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகியது. ஹராரேயின் 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேர் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 86 வீதத்தினர் பெண்கள், 40 வீதத்துக்கு மேற்பட்டோர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள். ஒரு சாராருக்கு வாங்கும், மறுசாராருக்குத் தாதியின் மதிப்பீடும் தகவலும் தேவையெனின் மருந்தும் என வழக்கமான கவனிப்புச் சற்று மேம்படுத்தப்பட்டும் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின்னர் வழக்கமான கவனிப்பைப் பெற்றோரில் ஏறத்தாழ 50 வீதத்தினர் மனச்சோர்வு அறிகுறிகளுடன் காணப்பட்டனர். வாங்கில் அமர்ந்தோரில் அவ்வீதம் 14இற்கும் குறைவு. அறிக்கையைப் படித்த நிபுணர்கள் வியப்படைந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஆறு சந்திப்புகள் முடிந்ததும் அப்பெண் எங்கு செல்கின்றாள்? அதே குடிசைக்கும் அதே கடனுக்கும் அல்லவா? எமக்கு இம்முயற்சியில் மிகவும் பிடித்தமான பகுதி இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது. வாங்கை விட்டு எழும் பெண்கள் "குபட்டானா டோஸே" எனும் வட்டத்தில் சேர அழைக்கப்படுகின்றனர். எல்லோரும் கைகோத்திருத்தல் என்பது அதன் கருத்து. முன்னர் வாங்கில் அமர்ந்து தேறிய பெண்களே இவ்வட்டங்களை வழிநடத்துகின்றனர். வட்டமாக அமர்ந்து தத்தம் வாரத்தின் கதையைப் பகிர்கின்றனர். பேசும்போது கைகள் சும்மா இருப்பதில்லை. கழித்துவிடப்பட்ட பிளாஸ்டிக் பொருட்களைக் கொண்டு குரோஷே பின்னலில் கைப்பைகள் பின்னுகின்றனர். பைகள் விற்கப்பட்டு அப்பணம் அப்பெண்களைச் சேர்கின்றது.

இது பெரிய வருமானம் அன்று. ஒரு பை விற்ற காசில் ஒரு குடும்பம் வாழ்ந்துவிட முடியாது. ஆனால் மூன்று காரணங்களால் இப்பை அதன் விலையிலும் பெறுமதி கூடியது என்பது எமது கணிப்பு. பிள்ளையின் கொப்பிக்கோ, கிளினிக்குக்குச் செல்லும் பஸ்ஸுக்கோ எவரிடமும் கையேந்தாத காசு அவள் கையில் இருக்கின்றது. பஸ் காசு இன்மையால் ஓர் உயிர் போனதிலிருந்தே இக்கதை தொடங்கியது என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்து, "எங்கே போகின்றாய்?" என வீட்டார் கேட்டால் "பை பின்னப் போகின்றேன்" என அவளால் கூற முடிகின்றது. உளவளத்துணைக்குப் போகின்றேன் எனக் கூறுவதிலும் இது எத்துணையோ இலகு. மூன்றாவதாக உடல்நலம். மனம் சோர்ந்தவர் மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில்லை, உணவையும் உறக்கத்தையும் கைவிடுகின்றார். எச்.ஐ.வி.க்கான மருந்தாயினும் குருதியழுத்தத்துக்கான மருந்தாயினும் ஒருநாளும் தவறாது எடுக்க வேண்டியவை. வட்டத்திலுள்ள ஒருத்தி வாராவிடின் மற்றையவர்கள் தேடிச் செல்வர். மருந்துச் சீட்டினால் இயலாத காரியம் அது.

பையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இத்தகைய கைப்பணிப் பொருட்கள் வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை போகும் என்று கண்டதும், மாதம் இத்தனை பைகள் என இலக்கு நிர்ணயிக்க எவரேனும் முன்வருவர். அன்றே வட்டம் தொழிற்கூடமாகிவிடும். கதை கூற வந்தவள் எண்ணிக்கைக்குப் பதில் கூற வேண்டியவள் ஆவாள். எமது பிரதேசங்களில் உதவி நிறுவனங்கள் தொடக்கிவைத்த தையல் நிலையங்கள் எத்தனை, திட்டக்காலம் முடிந்ததும் இயந்திரங்கள் துணி மூடிக் கிடந்தவை எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வெச்சரிக்கை மிகையன்று.

வாங்கு இப்போது மலாவிக்கும் சன்சிபாருக்கும் நியூயோர்க் நகருக்கும் சென்றுள்ளது. 2022இல் கட்டாரில் உலகக் கிண்ணக் கால்பந்தாட்டம் நடைபெற்ற வேளையில், பங்குபற்றிய 32 நாடுகளையும் குறிக்க 32 வாங்குகள் அங்கு வைக்கப்பட்டன. படம் பிடிப்பதற்கு அவை அழகாக இருந்தன. ஆச்சி இல்லாத வாங்கு வெறும் மரம் என்பதை மட்டும் கூறிவைப்போம்.

எமது நாட்டில் இதற்கான மூலப்பொருட்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் உளநலப் பணிக்குப் பயிற்றுவித்தனர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து வளர்ந்து வந்த சேவையினால், குடும்பநல உத்தியோகத்தர் வாசற்படி ஏறாத வீடு அரிது. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகளும் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதான பெண் அங்கு சென்றால் குருதியழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன பரிசோதிக்கப்படும். "நித்திரை வருகிறதா?" என்று அமர்ந்து கேட்பதற்கு மாத்திரம் அங்கு ஆளில்லை. வடக்குக் கிழக்கில் போரில் கணவனை இழந்து நுண்கடன் தவணைக்கு அஞ்சி வாழ்ந்த பெண்களின் துயர் பெரிதாகப் பேசப்பட்டது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களை 2018இல் அரசாங்கம் தள்ளுபடி செய்தது. கடன் நீங்கிய வீடுகளிலும் யோசனை நீங்கியதா என்பதை எவரும் சென்று கேட்டதாகத் தெரியவில்லை.

சிம்பாப்வே அனுபவத்தை இங்கு பரீட்சித்துப் பார்க்க விரும்புவோர் முதலில் தீர்க்க வேண்டியது கொடுப்பனவுப் பிரச்சினையை. வயது முதிர்ந்த பெண்களின் உழைப்பைத் தொண்டு என்ற பெயரில் இலவசமாகப் பெற்றுக்கொள்வது எமது நிறுவனங்களுக்குப் பழக்கப்பட்ட ஒன்று. ஹராரே மூதாட்டியருக்கு மாநகரசபை வழங்கியது சிறு தொகையே ஆயினும், அது மாதாந்தக் கொடுப்பனவு. அவர்களின் வேலையை மேற்பார்வை செய்யவும், கேட்ட துயரங்களை அவர்கள் இறக்கிவைக்கவும் பயிற்சி பெற்றோர் இருந்தனர். அடுத்தது வாங்கு வைக்கப்படும் இடம். அங்கு அது சிகிச்சை நிலைய வளவுக்கு உள்ளே, ஆனால் கட்டடத்துக்கு வெளியே, போவோர் வருவோர் கண்ணிற் படவும் பேச்சு அவர்கள் காதில் விழாதிருக்கவும் கூடிய தூரத்தில், நிழல் விழும் இடம் பார்த்து வைக்கப்பட்டது. அவ்விடத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பை ஆச்சிமாரிடமே விடலாம்.