ஆடி விலகியது, விலை இறங்கியது

வகுப்பறைக்குள் நாற்பது பேரை நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் எடுப்பவர் பின்னால், இன்னும் பின்னால் என்று நகர்வார். கடைசியில் முதுகு கரும்பலகையில் முட்டி நிற்கும். அப்படியும் இரு ஓரங்களில் நிற்பவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அவருக்கு அப்போது தேவைப்படுவது அகன்ற கோண லென்சு.

டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் டிஜிட்டல் காமிராக்களுக்காகச் செய்யப்பட்ட இவ்வகை லென்சுகள் இப்போது தள்ளுபடி விலைக்கு வருகின்றன. ஒருவர் பயன்படுத்திய லென்சு இன்னும் மலிவு. விலை இறங்கினால் சரக்கு மட்டம் என்று எண்ணுவது நம் வழக்கம். இங்கே அது பொருந்தாது. லென்சில் புதிதாக எந்தக் கோளாறும் முளைத்துவிடவில்லை. காமிராவுக்குள் இருந்த ஓர் ஆடி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. காரணம் அதுவே.

படச்சுருள் இருந்த இடத்தில் டிஜிட்டல் காமிராவில் சென்சார் என்னும் தகடு இருக்கிறது. கேனான் நிறுவனத்தின் சிறிய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் இதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 27 மி.மீ. இதன் முன்னே 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்சை வைத்தால், மூலைக்கு மூலை சுமார் 30 பாகை அகலமுள்ள காட்சி விழும். 10 மி.மீ. லென்சானால் ஏறத்தாழ 107 பாகை. குவியத் தூரம் குறையக் குறையக் கோணம் விரிகிறது.

அப்படியானால் 10 மி.மீ. குவி லென்சு ஒன்றை மாட்டிவிட்டால் போதாதா? போதாது. தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்சிலிருந்து குவியத் தூரத்தில் விழும் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே லென்சு, சென்சாருக்கு 10 மி.மீ. முன்னால் இருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் ஓர் ஆடி 45 பாகை சாய்ந்து குறுக்கே நிற்கிறது! லென்சு வழியே வரும் ஒளியை மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே மடங்கும். ஒளி சென்சாரில் விழும். பிறகு ஆடி கீழே இறங்கும். நாம் கேட்கும் 'களக்' ஓசையில் பெரும்பங்கு இந்த ஆடியினுடையது. அது தடையின்றி ஏறி இறங்க, கடைசி லென்சுக்கும் சென்சாருக்கும் இடையே 40 மி.மீ. இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

குவியத் தூரம் 10 மி.மீ.தான் இருக்க வேண்டும். பிம்பமோ 40 மி.மீ. தள்ளி விழ வேண்டும். முரண்பாடாகத் தோன்றுகிறது அல்லவா? தாளும் பென்சிலும் எடுங்கள்.

முன்னால் 30 மி.மீ. குவியத் தூரமுள்ள குழி லென்சு. அதற்கு 90 மி.மீ. பின்னால் அதே 30 மி.மீ. உள்ள குவி லென்சு. இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். சன்னல் கண்ணாடிக்கும் அதற்கும் வேறுபாடு இராது. தள்ளி வைக்கும்போதுதான் வேடிக்கை. தொலைவிலிருந்து வரும் இணைக் கதிர்களைக் குழி லென்சு விரிக்கிறது. அவை அதற்கு 30 மி.மீ. முன்னாலிருந்து புறப்பட்டவைபோலத் தோன்றும். அந்த மாயப் பிம்பம் குவி லென்சிலிருந்து 30 + 90 = 120 மி.மீ. தொலைவில் உள்ளது. சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள்: மெய்ப் பிம்பம் குவி லென்சுக்குப் பின்னே சரியாக 40 மி.மீ.யில் விழும். உருப்பெருக்கம் 40/120, அதாவது மூன்றில் ஒன்று. எனவே கூட்டின் குவியத் தூரம் 30-இல் மூன்றிலொரு பங்கு, 10 மி.மீ.! ஆடிக்கும் இடம் கிடைத்துவிட்டது.

இப்போது இடைவெளியை 90-இலிருந்து 50 மி.மீ. ஆகக் குறையுங்கள். குவியத் தூரம் 18 மி.மீ. ஆகும், பிம்பம் 48 மி.மீ.யில் விழும். இரு லென்சுகளையும் தக்கபடி நகர்த்தினால் பிம்பம் சென்சாரிலேயே நிற்கும். இதுதான் ஜூம். கேனான் 2014ஆம் ஆண்டில் 299 டாலர் விலையில் வெளியிட்ட 10-18 மி.மீ. லென்சின் உட்கருத்தும் இத்தகையதே. ஆனால் அதில் 14 லென்சுத் துண்டுகள் உள்ளன. நம் இரண்டு லென்சுகள் மட்டும் என்றால் கோடுகள் வளையும், ஓரங்களில் நிறம் பிரியும். அந்தக் குறைகளைத் தீர்க்கவே மற்றவை.

குழி லென்சை முன்னே வைக்கும் இந்த முறையில் அமைந்த 35 மி.மீ. லென்சு ஒன்றை பிரெஞ்சுக்காரரான பியேர் ஆஞ்செனியூ 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் இட்ட 'ரெட்ரோஃபோகஸ்' என்னும் பெயரே இன்று இவ்வினத்துக்கெல்லாம் வழங்குகிறது. மற்றவர்கள் உடனே இவ்வழிக்கு வந்துவிடவில்லை. 1959ஆம் ஆண்டில் வந்த நிக்கான் எஃப் காமிராவுக்கான 21 மி.மீ. லென்சு, உடலுக்குள் ஆழமாக நுழைந்து உட்காரும். ஆடியை மேலே மடக்கிப் பூட்டிய பிறகே அதை மாட்ட முடியும். ஆடி மடங்கினால் காட்சி தெரியாதே! அதற்குத் தனியாக ஒரு காட்சிகாணியைக் காமிராவின் தலைமேல் செருகிக்கொள்ள வேண்டும். லென்சு வழியே பார்ப்பதற்கென்றே செய்த காமிராவுக்கு இது சற்று விந்தையான ஏற்பாடுதான்.

சென்சார் பார்ப்பதையே சிறு திரையில் காட்டிவிட முடியுமானால் ஆடி எதற்கு? 2008ஆம் ஆண்டில் பானசோனிக், லென்சை மாற்றத்தக்க ஆடியில்லாக் காமிராவைக் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டில் கேனானும் நிக்கானும் பெரிய சென்சாருடன் அந்த வழிக்கு வந்தன. லென்சு மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் கேனானில் 44 மி.மீ.யிலிருந்து 20 ஆகவும், நிக்கானில் 46.5-இலிருந்து 16 ஆகவும் சுருங்கியது. புதிய காமிரா வாங்கியவர்கள் பழைய லென்சுகளை விற்கிறார்கள். கடைக்காரர்களும் இருப்பைக் கழிக்கிறார்கள்.

பழைய லென்சு அதனால் வீணாகிவிடுமா? 44-இலிருந்து 20-ஐக் கழியுங்கள். 24 மி.மீ. நீளமுள்ள இணைப்புக் குழாயை இடையில் வைத்தால், பழைய லென்சு தன் பழைய தூரத்திலேயே நிற்கும். குழாய்க்குள் கண்ணாடி எதுவும் தேவையில்லை. மின் இணைப்புகள் இருந்தால் போதும். ஆனால் சிறிய சென்சாருக்கென்று செய்த லென்சு, பெரிய சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே நிரப்பும். வாங்குமுன் இதைக் கவனிக்க வேண்டும். புதிய லென்சைப் பழைய காமிராவில் பொருத்தவோ வழியில்லை. அது 24 மி.மீ. முன்தள்ளி நிற்கும், தொலைவிலுள்ள எதுவும் தெளிவாக விழாது.

இக்கணக்கைப் பள்ளி ஆய்வகத்திலேயே சோதிக்கலாம். 15 செ.மீ. குவியத் தூரமுள்ள குழி லென்சு ஒன்றும் குவி லென்சு ஒன்றும் போதும். அறையை இருட்டாக்கி, ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒரு சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். முதலில் குவி லென்சை மட்டும் கொண்டு சன்னல் கம்பிகளின் பிம்பத்தைத் தாளில் பிடியுங்கள். தாள் சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கும். பிறகு 45 செ.மீ. முன்னால் குழி லென்சை வையுங்கள். தாளை 20 செ.மீ.க்கு நகர்த்த வேண்டியிருக்கும். கம்பிகளின் இடைவெளியோ மூன்றில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். குழி லென்சை 25 செ.மீ.க்கு நெருக்கினால் தாள் எங்கே போகும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொண்டு, பிறகு அளவுகோலை வையுங்கள்.